மாப்பிள்ளைக்கு உப்பு போதவில்லை

விருந்து மேசைகளைச் சுற்றித் தரை வரைக்கும் தொங்குமே ஒரு கொசுவத் துணி, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, அதில் எத்தனை மடிப்பு என்று எண்ணியிருக்க மாட்டீர்கள். ஒரு மேசைக்கு நூற்று நாற்பது. ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். அளவுகோலும் இல்லை, பென்சில் கோடும் இல்லை. இடது கை ஆள்காட்டி விரலை வைத்து வைத்து எடுத்து, வலது கையால் ஆவி இஸ்திரியை ஓட்டி, இருபத்தைந்தே நிமிஷத்தில் ஒரு மேசைத் துணியை முடித்துவிடுவாள் நம் மடிப்பக்கா. அந்த ஹோட்டலின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

வயது நாற்பத்தாறு. ஆள் குட்டை, வாய் நீளம். பக்கத்து மேசையில் பட்டன்காரி நிற்பாள். அறுந்த பொத்தான்களைத் தைப்பதும் கிழிசல் பார்ப்பதும் அவள் வேலை. இருவருக்கும் நடுவில் ஒரு துணிக்கூடையின் அகலம்தான் இடைவெளி. அந்தக் கூடைக்கு மேலாக எட்டு வருஷமாகப் பேச்சு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. மாமியார், நாத்தனார், மேனேஜரின் புது விக், மேல்மாடி விருந்தாளி ஒருத்தர் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுபோகப் பார்த்த சர்க்கரைக் கிண்ணம் என்று அந்தப் பேச்சில் விழாத விஷயமே கிடையாது. ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, மடிப்பக்கா தினமும் இரண்டு வேளை போடுகிற மாத்திரை. சாயங்கால ஷிஃப்டில் யாராவது பார்த்துவிட்டால் "சத்து மாத்திரைடி, எலும்புக்கு" என்பாள். அவள் வீட்டில் அதற்கு வேறு பெயர். மாப்பிள்ளை. வைத்தவர் அவள் புருஷன். இந்த மாப்பிள்ளை காலையும் மாலையும் நேரம் தவறாமல் வந்து நிற்பார். கூடவே ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் முறுக்கிக்கொண்டு போய்விடுவார், போனவரைத் திரும்ப அழைத்துவருவது லேசுப்பட்ட காரியமில்லை. இத்தனை லட்சணமும் வேறு யாருக்கு இருக்கும் என்று புருஷன் கேட்டார். அன்றிலிருந்து "மாப்பிள்ளையைக் கவனிச்சாச்சா?" என்பதுதான் அந்த வீட்டின் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும்.

மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை, மடிப்பக்காவுக்கு ஆறு நாள் தூக்கம் வரவில்லை. வரவில்லை என்று அவள் வருத்தப்படவும் இல்லை. உடம்பில் அப்படி ஒரு உற்சாகம். குடியிருப்பின் நான்கு மாடிகளிலும் கதவைத் தட்டி, ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றி வாங்கி, துவைத்து, தேய்த்து, யாருடையதை யாருக்கு மாட்டுவது என்று மறந்து, தனக்குப் பிடித்த நிறத்தைப் பிடித்த வீட்டில் மாட்டினாள். கேட்டவர்களிடம் சண்டைக்குப் போனாள். அதற்குப் பிறகு காற்றுப் போன பலூனாகப் படுத்தாள். நான்கு மாதம். தலைவாரிக்கொள்ளக்கூடக் கை எழவில்லை. சும்மா படுத்திருக்கிறாள் என்று சொன்னவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சும்மா படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது கிடைத்தவர்தான் மனநலம் பார்க்கும் டாக்டரம்மா. லித்தியம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மடிப்பக்கா எதையும் கேட்காமல் விழுங்குகிற ஆளா?

"இது உள்ள போய் என்னதான் பண்ணும் டாக்டர்?"

"உண்மையைச் சொல்லட்டுமா? முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. மூளையில கோடிக்கணக்கான செல் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கிட்டே இருக்கு. சில பேருக்கு அந்தச் சேதிப் போக்குவரத்து தலைதெறிக்க ஓடும், இல்லன்னா சோர்ந்து படுத்துடும். இந்த மருந்து செல்லுக்குள்ள போய் அந்த ஏத்த இறக்கத்தைத் தணிக்குது. எப்படித் தணிக்குதுங்கறதுல பாதி புரிஞ்சிருக்கு, பாதி புரியல. ஆனா தணிக்குதுங்கறதுல சந்தேகமே இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "ஆவி பட்டா துணியில மடிப்பு ஏன் நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆனா நிக்குதில்ல?"

"என் கையில நிக்காம எங்க போயிடும்?" என்றாள் மடிப்பக்கா. அந்த நிமிஷமே டாக்டரம்மாவைப் பிடித்துப்போய்விட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் தெரிந்ததைச் சரியாகச் சொல்வார் என்பது அவள் கணக்கு.

தெரிந்ததை டாக்டரம்மா கண்டிப்பாகவே சொன்னார். இந்த மருந்து ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் பலன் இல்லை, கூடினால் விஷம். நடுவில் இருக்கிற இடம் ரொம்பச் சின்னது. அதனால் சில மாதங்களுக்கு ஒரு தடவை, முதல் நாள் மாலை மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால், ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வப்போது சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும். மடிப்பக்காவுக்கு இது உடனே புரிந்தது. "சூடு பத்தலன்னா மடிப்பு விழாது, கூடிப்போச்சுன்னா துணி கருகும். அவ்வளவுதானே?" என்றாள். டாக்டரம்மா சிரித்து, அதை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

புரிந்ததே, புரிந்தபடி நடந்தாளா? இரண்டாவது வருஷம், எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தானாகவே மாத்திரையை நிறுத்தினாள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது, இனிக் கண்ணாடி எதற்கு என்று கழற்றி வீசுகிற கதைதான். பதினெட்டாம் நாள், அப்போது வேலை பார்த்த ஹோட்டலில், விருந்து நடந்துகொண்டிருக்கும்போது மேலே ஏறிப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் மடியிலிருந்து கைத்துண்டுகளை உருவி உருவிப் பறவையாக மடித்து மேசையில் பறக்கவிட்டாள். ஒரு பறவை மேயரின் சூப்பில் இறங்கியது. இதை இன்று சொன்னால் அவள் புருஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அன்று யாரும் சிரிக்கவில்லை. வேலை போயிற்று. அதன் பிறகு வந்த படுக்கை முன்னதைவிட நீளம். மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மடிப்பக்காவின் ஞாபகத்திலேயே இல்லை. மகளுக்கு முன்பல் எப்போது விழுந்தது, எந்தப் பாட்டுக்கு மேடையில் ஆடினாள் என்று எதுவும் தெரியாது. அந்த வருஷத்துப் புகைப்படத்தைப் பார்த்தால் யார் வீட்டுக் குழந்தையையோ பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லி அழுதாள்.

எனவே அவளுக்கு இரண்டு பயம். மாத்திரை நின்றால் இன்னொரு வருஷம் காணாமல் போகும். மாத்திரை தெரிந்தால் இந்த வேலையும் போகும். முதல் பயத்துக்காக ஒரு வேளை தவறாமல் போட்டாள். இரண்டாவது பயத்துக்காக, கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லி டாக்டரம்மா கொடுத்த எச்சரிக்கை அட்டையை வீட்டு மேசை இழுப்பறையில் பூட்டிவைத்தாள்.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓடிய பிறகு, இந்தக் கோடையில் அவள் புருஷனுக்கு ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்தார்கள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலையைப் பாதியில் விட்டால் ஆள் விழுந்துவிடுகிற தொழில். அதனால் வீட்டிலும் எதையும் பாதி செய்ய மாட்டார். அவரைப் பார்த்த டாக்டர் "உப்பைக் குறைங்க" என்றார். குறை என்ற சொல் இவர் காதுக்குள் போகிற வழியில் ஒழி என்று மாறிவிட்டது. அன்று சாயங்காலமே உப்பு ஜாடியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். உப்பு போட்ட பிஸ்கட், டப்பாவில் வரும் தின்பண்டம் எல்லாம் பின்னாலேயே போயிற்று. சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக் வேறு. மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு இனிமே காலேஜ் கேண்டீன்தான் வீடு" என்று தஞ்சம் புகுந்துவிட்டாள்.

மடிப்பக்காவுக்கு அப்படித் தப்பிக்க மனசு வரவில்லை. "உனக்குத் தனியா உப்புப் போட்டுக்கோயேன்" என்று அவரே சொன்னார்.

"நீங்க சப்புன்னு சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டு நான் மட்டும் ருசியா சாப்பிடறதா? நான் படுத்திருந்தப்ப எனக்காகப் பட்டினி கிடந்த மனுஷன் நீங்க" என்று சொல்லி, அவளும் ஒரு கல் உப்பில்லாமல் சாப்பிட்டாள். அது பிரியம். பிரியத்தில் செய்த காரியமென்றால் உடம்பு சலுகை காட்டிவிடுமா என்ன?

அதே சமயம் சலவைக்கூடத்தில் காற்றை வெளியேற்றும் பெரிய விசிறி பழுதாகி நின்றது. ஆவி, உருளை இயந்திரங்களின் சூடு, வெளியே வெயில். வேர்வை முதுகில் ஓடி இடுப்பில் தேங்கியது. வேலை நெருக்கடியில் தண்ணீர் குடிக்கவும் மறந்தாள். போதாததற்கு வலது தோளில் ஒரு பிடிப்பு. அவள் தோளைத் தேய்ப்பதைப் பார்த்த பட்டன்காரி, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இந்தாக்கா, வலிக்கு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தோளு பஞ்சு மாதிரி ஆயிடும்."

தோள் ஆயிற்றுதான். எட்டு நாள் போட்டாள். ஆனால் கை ஆடத் தொடங்கியது. கோப்பையை நீட்டும்போது விரல் நுனி லேசாக நடுங்குவது அவளுக்கு வழக்கம், அந்த மருந்தில் அது பலருக்கும் உண்டு. இது அது இல்லை. இஸ்திரிப்பெட்டியே கையோடு சேர்ந்து ஆடியது. சூப்பர்வைசரம்மா ஒரு மேசைத் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பதினேழாவது மடிப்பு குடிச்சுட்டு வந்த மாதிரி சாயுது?" என்றார். அந்தக் கூடத்தில் எட்டு வருஷத்தில் அவள் மடிப்பு சாய்ந்தது அன்றுதான். மறுநாள் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டில் முக்கோணமாக ஒரு தீய்ச்சல். அதற்கு மறுநாள் வயிற்றுப்போக்கு. வெயில்தான் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தபோது வாந்தி வந்தது, தரை படகு மாதிரி ஆடியது, பேசினால் நாக்கு பின்தங்கி வந்தது.

புருஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. பழைய ஞாபகம்.

"திரும்ப வருது போலிருக்கும்மா. இன்னைக்கு மாப்பிள்ளையை ஒண்ணுக்கு ரெண்டா போட்டுடு. எதுக்கும் இருக்கட்டும்."

"ரெண்டா? எனக்கு ஒண்ணே வேண்டாம். பதிமூணு வருஷம் தின்னு தின்னுதான் கை இப்படிப் போச்சு. இன்னையோட தலைமுழுகப் போறேன்."

இரண்டும் தப்பு. அவர் சொன்னபடி கேட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசே வந்திருக்காது. இவள் நினைத்தபடி யாரையும் கேட்காமல் அடியோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு ஐந்தாம் வகுப்பு. நல்லவேளை, இரண்டாவது தடவை படுத்து எழுந்தபோது டாக்டரம்மாவிடம் அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், தோன்றுவது தப்பில்லை, ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா கிடைக்க மாட்டார். அவள் மாதாமாதம் மாத்திரை வாங்குகிற தெருமுனை மருந்துக்கடை திறந்திருந்தது. புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, கால் பின்ன, அங்கே போனாள்.

மருந்துக்கடைக்காரர் பேச்சு குறைந்த மனிதர். ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"புதுசா ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லீங்க."

"காய்ச்சல், சளி, வலி எதுக்காவது?"

"தோளுக்கு வலி மாத்திரை. அதைப் போய் மருந்துன்னு சொல்வாங்களா?"

கடைக்காரர் அந்த வலி மாத்திரை அட்டையைக் கேட்டார். அது அவள் கைப்பையில் இருந்தது. திருப்பிப் படித்தார். "இது இபுப்ரோஃபென். பாரசிட்டமாலா இருந்தா பரவாயில்ல, இது உங்க மருந்தை உடம்புலயே தேக்கி வச்சுடும். எத்தனை நாளா?"

"எட்டு."

"தண்ணி, சாப்பாடெல்லாம் எப்படி?"

இதற்குப் பதில் சொல்லப் புருஷன் முந்திக்கொண்டார். காத்திருந்த கேள்வி அல்லவா! "சாப்பாட்டுல குறையே சொல்ல முடியாது சார். பன்னண்டு நாளா எங்க வீட்டுல ஒரு கல்லு உப்பு கிடையாது."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு கல்லு கூட?"

"ஒரு கல்லு கூட!" என்றார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"இவங்களுக்கும்?"

நெஞ்சு இறங்க ஆரம்பித்தது. மடிப்பக்கா குழறலாக, "மாப்பிள்ளை எதுவும் பண்ணலையே?" என்றாள். எந்த மாப்பிள்ளை என்று கடைக்காரர் விழிக்க, புருஷன் கூனிக் குறுகி விளக்கினார். அவ்வளவு பேச்சு குறைந்த மனிதரும் அன்று ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினார். "மாப்பிள்ளைக்கு உப்பில்லாம சாப்பாடு போட்டா கோவிச்சுக்க மாட்டாரா?" உடனே முகம் மாறிவிட்டது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. காலை மாத்திரை போட்டாச்சா? இல்லையா, நல்லது, போடாதீங்க. நான் அடியோட நிறுத்தச் சொல்லல. டாக்டர் பார்க்கிற வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்றேன். அது வேற, இது வேற. வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டுப் போங்க. ரத்தத்துல லித்தியம் அளவு உடனே பார்க்கணும்னு சொல்லுங்க." ஆட்டோவையும் அவரே நிறுத்தினார்.

பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது. உப்பை வீட்டைவிட்டுத் துரத்திய குடும்பத்துக்கு, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். புருஷன் அந்தப் பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையைக் குனிந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து விளக்கினார். "இந்த மருந்தும் ஒரு வகை உப்புதான். சமையல் உப்புக்குப் பங்காளி. நீங்க திடீர்னு உப்பை நிறுத்தினதும் சிறுநீரகத்துக்குப் பயம் வந்துடுச்சு. வெளிய போறதை எல்லாம் இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிட்டது. அதுக்குப் பங்காளி யார், வீட்டுக்காரர் யார்னு தெரியாது. ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சுடுச்சு. வேர்வையில தண்ணி போனதும், அந்த வலி மாத்திரையும் அதுக்கு ஒத்தாசை. மருந்து மேல தப்பில்ல, உங்க வியாதி திரும்பவும் வரல."

"அப்போ நான்தான் டாக்டர்…" என்று புருஷன் ஆரம்பித்தார்.

"உப்பைத்தானே விரட்டினீங்க, என்னை இல்லையே" என்றாள் மடிப்பக்கா. நாக்கு அன்றுதான் கொஞ்சம் திரும்பியிருந்தது. திரும்பிய நாக்கை முதலில் அதற்குத்தான் பயன்படுத்தினாள்.

மூன்று நாள் மாத்திரை இல்லாமல் கிடந்தாள். அந்த மூன்று நாளும் உடம்பைவிட மனசைத்தான் காவல் காத்தாள். ஜன்னல் திரையைப் பார்த்து, இதைக் கழற்றித் துவைக்க வேண்டும் என்று தோன்றினால்கூட, ஐயோ இது நானா, நோயா என்று பயந்தாள். அந்தத் திரை நிஜமாகவே அழுக்கு என்று மகள் சத்தியம் செய்த பிறகுதான் நிம்மதி வந்தது. நான்காம் நாள், அளவு இறங்கி, சிறுநீரகமும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு டாக்டரம்மா கேட்டார்: "திரும்ப ஆரம்பிக்கலாமா? வேற மருந்துகளும் இருக்கு. நீங்களும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும்."

மடிப்பக்கா மகளைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து கேண்டீன் ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் யாரையோ பற்றி ஒரு கதையைப் பாதியில் விட்டிருந்தாள். அந்தக் கதையின் மீதியையும், அதற்கு அடுத்த கதையையும், அதற்கும் அடுத்ததையும் கேட்க வேண்டும் என்று மடிப்பக்காவுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது.

"பழைய ஆளையே கூப்பிடுங்க டாக்டர். பதிமூணு வருஷம் ஒழுங்கா நடந்துக்கிட்டவர். நாங்கதான் மரியாதை தெரியாம நடந்துட்டோம்."

முன்பைவிடக் குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம். உப்பும் தண்ணீரும் திடீரென்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று வந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். தலைவலி மாத்திரையாக இருந்தாலும் கேட்காமல் வாயில் போடக் கூடாது. புருஷனின் ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலதும் இதே வேலையைச் செய்யும், அதனால் அவர் டப்பா ஒரு பக்கம், இவள் டப்பா ஒரு பக்கம். இதையெல்லாம் புருஷன் லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டார். எதிர்வீட்டிலிருந்து உப்பு ஜாடியை வாங்கி வந்தவரும் அவர்தான். சமையலை உப்புக் குறைவாகச் செய்து, மடிப்பக்காவின் தட்டில் மட்டும் அவளுக்கு வேண்டியதைச் சேர்ப்பது என்று ஏற்பாடாயிற்று.

கிளம்பும்போது டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார். "எல்லார்கிட்டயும் சொல்லணும்னு அவசியமே இல்ல. அது உங்க விருப்பம். ஆனா பக்கத்துல நிக்கிற ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா அந்த வலி மாத்திரையை உங்ககிட்ட நீட்டியிருக்க மாட்டாங்க."

இந்த வார்த்தை மடிப்பக்காவைப் பாடாய்ப் படுத்தியது. எச்சரிக்கை அட்டையைக் கைப்பையில் போட்டாள். போட்ட பிறகு இரண்டு தடவை வெளியே எடுத்தாள், மூன்றாவது தடவையும் உள்ளேயே வைத்தாள். பட்டன்காரி நல்லவள்தான். ஆனால் அவள் வாயில் விழுந்தது சூப்பர்வைசர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? போன ஹோட்டலில் அவளைப் பற்றிய பேச்சு பரவ இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று.

பதினோராம் நாள் வேலைக்குப் போனாள். பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பட்டன்காரி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வெயிலாமே அக்கா? இப்படியா இளைச்சுப் போவே?" என்றாள். வெயில்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மடிப்பக்கா ஒரு மேசைத் துணியை விரித்தாள். பத்து மடிப்பு போட்டாள். கை ஆடவில்லை. பதினோராவது மடிப்பில் விரலை வைத்தபடியே, நிமிராமல், சொல்ல ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சத்து மாத்திரை பொய் என்பதை, அது என்ன மாத்திரை என்பதை, ஜன்னல் திரைகளை, காணாமல் போன வருஷத்தை. மேயரின் சூப்பில் இறங்கிய பறவைக்குப் பட்டன்காரி பக்கென்று சிரித்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். உப்பு வந்தது, வலி மாத்திரை வந்தது. அங்கே வந்ததும் பட்டன்காரியின் ஊசி நின்றுவிட்டது.

"நான் கொடுத்தது" என்றாள்.

"நீ கொடுத்ததுல தப்பில்ல. உனக்குத் தெரியாது. தெரியாம வச்சிருந்தவ நான்."

பட்டன்காரி ஒரு சட்டையை எடுத்தாள், பொத்தானைத் தப்பான ஓட்டைக்கு நேராக வைத்துத் தைத்தாள், பிரித்தாள், மறுபடியும் அதே தப்பான இடத்தில் தைத்தாள். மடிப்பக்கா அடுத்த மடிப்புக்கு விரலை வைத்தாள். போச்சு, இனி இந்தக் கூடைக்கு மேலாக ஒரு பேச்சும் வராது, சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்புவார் என்று நினைத்தாள். பதினைந்து மடிப்பு முடிந்தது.

"அக்கா."

"சொல்லு."

"எங்க வீட்டுக்காரர் லீவுல இருக்கார்னு சொல்லிட்டிருக்கேன்ல, அது லீவு இல்ல." பட்டன்காரி சட்டையைப் பார்த்தே பேசினாள். "நாலு மாசமா தினமும் காலையில குளிச்சு, சட்டை போட்டு, ஷூ மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்கார்றார். வாசலைத் தாண்ட முடியல. மத்தியானம் ஷூவைக் கழட்டி வச்சுட்டுப் படுத்துடறார். ஏன்னு கேட்டா அழறார். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல அக்கா. உன்கிட்ட சொல்ல எத்தனை நாள் வாயைத் திறந்திருக்கேன் தெரியுமா?"

மடிப்பக்கா இஸ்திரிப்பெட்டியை அதன் தாங்கியில் நிமிர்த்தி வைத்தாள். கூடையை ஒதுக்கிவிட்டுப் பட்டன்காரி பக்கம் வந்தாள். பட்டன்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாக, "உன் மாத்திரையில மிச்சம் இருந்தா ரெண்டு கொடேன்" என்றாள்.

"அடிப்பாவி! இவ்வளவு நேரம் என்னத்தைச் சொன்னேன்? மறுபடியும் மாத்திரையைக் கை மாத்தறியே!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கப் பட்டன்காரிக்கு அழுகை வந்துவிட்டது. மடிப்பக்காவுக்கும் வந்தது. உருளை இயந்திரத்தின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"என்னோடது எனக்கு அளவெடுத்துத் தைச்சது. அவருக்கு என்னன்னு டாக்டரம்மா பார்த்துதான் சொல்லணும். பேசியே சரி பண்ண முடியுமான்னும் பார்ப்பாங்க" என்றாள் மடிப்பக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "மாத்திரை கொடுத்தா, போட்ட அன்னைக்கே எழுந்து ஓடுவார்னு எதிர்பார்க்காதே. தலைவலி மாத்திரை மாதிரி இல்ல, மூணு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். முதல்ல குமட்டும், பதற்றமா இருக்கும், இது வேண்டாம்பார். ரொம்ப மோசமாத் தோணிச்சுன்னா உடனே டாக்டரம்மாகிட்ட சொல்லணும், தானா விட்டுடக் கூடாது. நல்லாயிட்டேன்னு சொல்லியும் தானா விடக் கூடாது. அதுக்கு நானே சாட்சி."

"அவர் வரணுமே அக்கா. வாசலைத் தாண்டணுமே."

"டாக்டரம்மா வியாழக்கிழமை இருப்பாங்க" என்றாள் மடிப்பக்கா. "அன்னைக்குக் காலையில ஷூ மாட்டினதும் கழட்ட வேண்டாம்னு சொல்லு. ஒம்பது மணிக்கு உங்க வாசல்ல நான் நிப்பேன்."